லொகேஷனை அணைத்தால் போதுமா? 29சி பேருந்தைச் சுற்றி ஒரு வாக்குவாதம்

மாடவீதி:
"கைப்பேசியில் லொகேஷனை அணைத்துக் கணக்கையும் பிரைவேட் ஆக்கிவிட்டால், காணொளி போடுகிறவர் எங்கே குடியிருக்கிறார் என்பதை எவராலும் கண்டுபிடிக்க முடியாது" என்று பெரம்பூர்க்காரன் நேற்று தீர்ப்பு எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என் அண்ணன் மகள் மொட்டைமாடியில் ஆடிய நடனத்தை ஒரு செயலியில் பதிவேற்றினாள். லொகேஷன் இல்லை, ஊர்ப்பெயர்கூட இல்லை. பின்னணியில் 29சி பேருந்து நிற்கிறது, அதற்கப்பால் ஒரு மருந்துக்கடையின் பலகை தெரிகிறது. முன்பின் அறியாத யாரோ கீழே எங்கள் தெருவின் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

பெரம்பூர்க்காரன்:
29சி எங்கள் பெரம்பூரில் புறப்பட்டு, ஊரையே கடந்து பெசன்ட் நகர் வரை போகிற வண்டி. அந்த வழியில் இருக்கும் மொட்டைமாடிகளை எண்ணி முடிக்க முடியுமா? பேருந்து எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தார்கள் என்பது துப்பறியும் கதை. அந்தப் பெண் கணக்கைப் பிரைவேட் ஆக்கியிருந்தாளா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மாடவீதி:
பேருந்தை மட்டும் வைத்து என்று நான் எங்கே எழுதினேன்? பேருந்து வழித்தடத்தைக் காட்டிக்கொடுக்கிறது, மருந்துக்கடைப் பலகை இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது, 2022 முதல் கூகுள் வரைபடத்தில் சென்னைத் தெருக்களைப் படமாகவே பார்க்க முடிவதால் மீதி வேலை உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. பிரைவேட் கணக்கு என்கிறீர்கள். உள்ளே அனுமதிக்கப்பட்ட ஒருவர் திரையைப் பதிவு செய்து வெளியே அனுப்பினால் உங்கள் பூட்டு என்ன செய்யும்?

அடையாறு ஆலமரம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பேருந்தின் மின்பலகை காணொளியில் விட்டுவிட்டுத்தான் தெரியும். மொட்டைமாடித் தூரத்திலிருந்து அது 29சி என்று படித்தார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

மாடவீதி:
ஆலமரம் ஐயா, காணொளியை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்தால் ஏதாவது ஒன்றில் எண் முழுமையாக அகப்படும். நானே நிறுத்திப் படித்தேன். 29சிதான்.

பாரிமுனை வக்கீல்:
பேருந்தைச் சற்று ஓரம் கட்டுங்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பிறகு 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வைத்த தமது தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 3-ஆம் பிரிவே சொல்கிறது. எல்லோரும் பார்க்கும்படி காணொளியைப் போட்டுவிட்டு அந்தச் சட்டத்தைத் துணைக்கு அழைத்தால் அது வராது.

பெரம்பூர்க்காரன்:
பார்த்தீர்களா, வக்கீல் சாரே என் பக்கம் வந்துவிட்டார். எல்லோரும் பார்க்கும்படி போட்டதுதான் தவறு. சிறுவர்களின் கணக்குகளை இயல்பாகவே பொதுவில் திறந்து வைத்ததற்காக 2023-இல் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் டிக்டாக்குக்கு 34.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. பிரைவேட் என்பதற்கு மதிப்பில்லை என்றால் அந்த அபராதம் எதற்கு?

பாரிமுனை வக்கீல்:
நான் யார் பக்கமும் வரவில்லை. என் வாயில் சொற்களைத் திணிக்க வேண்டாம்.

மாடவீதி:
அந்த அபராதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, பாதியை மட்டும் பிடுங்கி வந்து காட்டாதீர்கள். குழந்தைகளின் கணக்கு மூடியிருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் செயலி கேட்டதும் கைப்பேசியின் தொடர்புப் பட்டியலைத் தூக்கிக் கொடுத்தால், உங்கள் எண்ணை வைத்திருக்கிற பால்காரர் முதல் பழைய அலுவலக மேலாளர் வரை எல்லோருக்கும் 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று உங்கள் கணக்கு போய் நிற்கக்கூடும். கணக்கைப் பூட்டினாலும் உங்கள் பெயரும் முகப்புப் படமும் வெளியே தெரியும். வாசலில் கோலத்தோடு பெயரையும் எழுதி வைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டது போலத்தான் இருக்கிறது உங்கள் பாதுகாப்பு.

பெரம்பூர்க்காரன்:
2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது 'இனி நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கவலையில்லை' என்று இங்கே எழுதியவர் நீங்கள்தானே, அம்மா? அப்போது இந்தக் கோலமும் தாழ்ப்பாளும் எங்கே போயின?

மாடவீதி:
அந்த இழையில் நீங்கள் என்னைப் 'பழம்பஞ்சாங்கம்' என்று ஏசியதையும் சேர்த்து நினைவுபடுத்தியிருக்கலாமே. ஒரு செயலி போனால் அதே வேலையைச் செய்ய இன்னொன்று வரும் என்றும் அங்கேயே எழுதினேன். அது மட்டும் உங்கள் கண்ணில் படவில்லை போலும்.

அடையாறு ஆலமரம்:
மின்பலகை விஷயத்தில் நான் இன்னும் சமாதானமாகவில்லை. அது 29சி இல்லாமல் வேறு 29 வரிசை வண்டியாகவும் இருக்கலாம்.

பெரம்பூர்க்காரன்:
அதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன். பேருந்தே சந்தேகத்துக்குரியது. மேலும், அவள் பிரைவேட் ஆக்கியிருந்தாளா என்ற கேள்விக்கு இதுவரை பதில் வரவில்லை.

மாடவீதி:
அவள் ஆக்கவில்லை. ஆக்கியிருந்தாலும் 29சி அங்கேதான் நின்றிருக்கும். பிறருக்குப் பாடம் எடுக்கும் நீங்கள், உங்கள் முகப்புப் படத்தில் இருசக்கர வண்டியின் பதிவெண் பளிச்சென்று தெரிவதை ஒருமுறையாவது பார்த்தீர்களா?

பெரம்பூர்க்காரன்:
அது நான் விற்றுவிட்ட வண்டி. வாங்கியவர் கவலைப்பட்டுக்கொள்ளட்டும்.

பாரிமுனை வக்கீல்:
பதிவுச் சான்றிதழில் பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தானே விற்றீர்கள்?