கோவையில் ஒரு ராத்திரி பெரிய ஓட்டலில் தங்க ஆசை, சைக்கிளோடு போனால் உள்ளே விடுவார்களா?

கோபி சைக்கிள்காரி:
வணக்கமுங்க. நானும் வீட்டுக்காரரும் கோபியில் இருந்து சைக்கிளில் கிளம்பி இன்றோடு பதினாறு நாள். கரூர், திருச்சி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று இறங்கி, கேரளக் கரையோரமாக மேலே வந்து, இப்போது திருச்சூரில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பாதி ராத்திரி கோயில் மண்டபத்தில் படுத்தோம், மீதி ஐந்நூறு அறுநூறு ரூபாய் லாட்ஜில். கொல்லத்தில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. காய்ந்த துணி என்று பையில் இருப்பது ஒரே ஒரு துண்டு, அதையும் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

நாளை பாலக்காடு, மறுநாள் கோவை, அதற்கடுத்த நாள் வீடு. கோவையில் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் தங்க வேண்டும் என்று கிளம்பும் முன்பே தனியாக எட்டாயிரம் ரூபாய் எடுத்து வைத்தோம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஓர் இடத்தில் நாங்கள் படுத்ததே இல்லை. இப்போது அவருக்குத் தயக்கம். சேறும் செயின் கறுப்புமாகப் போய் நின்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்களோ, சைக்கிளை எங்கே விடுவது, துணியை எங்கே காயப்போடுவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பல்லடத்தான்:
ஏனுங்க அம்மிணி, தாராளமாகப் போங்கள். ஊட்டியில் இருந்து கோத்தகிரி வழியாக இறங்கி வந்து நான் இதைச் செய்திருக்கிறேன். முன்கூட்டியே போன் செய்து, இரண்டு சைக்கிளோடு வருகிறோம், ராத்திரி எங்கே வைக்கலாம் என்று கேட்டுவிடுங்கள், பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும். சொல்லாமல் போன ஓர் இடத்தில் காவலாளி என்னைப் பின்வாசல் வழியாகச் சுற்றி வரச் சொன்னார், மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. போன் செய்துவிட்டுப் போன இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

வாளையாறு தாண்டியதும் ஒரு வாட்டர் சர்வீஸில் சைக்கிளைக் கழுவிக்கொள்ளுங்கள். ஆனால் ஹப்பிலும் பெடல் அச்சிலும் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் எல்லாம் போய்விடும். செயினைப் பழைய வேட்டித் துணியால் துடைத்தால் போதும். இன்னொன்று, இப்போது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களைப் பின்னால் இருந்து தள்ளும். அம்மியே பறக்கிற காற்று என்பார்களே, அது உங்கள் பக்கம் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர்தான், சீக்கிரமே வந்து சேர்ந்துவிடுவீர்கள், அதனால் அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்பதையும் போனிலேயே கேளுங்கள்.

ரிசப்ஷன் பக்கம்:
கோவையில் அப்படி ஓர் ஓட்டலில்தான் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன், எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சேறோடு வருகிறவர்களைப் பார்த்து நாங்கள் முகம் சுளிப்பதில்லை. எங்களைக் கஷ்டப்படுத்துவது வெள்ளைத் துண்டில் துடைத்த செயின் கிரீஸ்தான், எத்தனை முறை துவைத்தாலும் போகாது. பழைய துணி வேண்டும் என்று கேளுங்கள், ஹவுஸ்கீப்பிங்கில் கட்டாயம் இருக்கும்.

எட்டாயிரம் என்று சொன்னதால் இதை எழுதுகிறேன். ஒரு நாள் வாடகை 7500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம், 7500 வரை 5 சதவீதம்தான். 7400 ரூபாய் அறை 7770-க்கு முடியும். 8000 ரூபாய் அறை 9440 ஆகிவிடும். காலைச் சாப்பாடும் சேர்ந்த விலையா என்று பாருங்கள், சைக்கிள் மிதித்து வருகிறவர்கள் அதை விடவே கூடாது.

துணியை லாண்டரிக்குப் போடாதீர்கள், உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். நீங்களே அலசி, காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி நன்றாக மிதியுங்கள். ஈரம் முழுக்கத் துண்டுக்குப் போய்விடும். அப்புறம் ஏசி ஓடும் அறையில் நாற்காலி மேல் விரித்துவிட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும். ஷூவுக்குள் திணிக்கப் பழைய பேப்பர் கேளுங்கள்.

வெள்ளகோவில் வழிப்போக்கன்:
எனக்கு வேறு எண்ணம். கடைசி ராத்திரிக்கு இதை வைக்கக்கூடாது. மறுநாள் வீடு என்றதும் மனசு அங்கே போய்விடும். நான் பண்ணாரியில் ஏறி, திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவையும் மிதித்து மைசூரு போனபோது நடுவழியில் ஒரு நாள் நல்ல ஓட்டல் எடுத்தேன். சீட் உரசித் தொடை புண்ணாகி இருந்தது. சுத்தமான தண்ணீர், உலர்ந்த படுக்கை, ஒரு முழு நாள் உட்காராமல் இருந்தது, அதில்தான் ஆறியது. உடம்புக்குத் தேவைப்படுகிற நாளில் செலவு செய்ய வேண்டும். உங்கள் பயணம் முடியப்போகிறது, சரி, போய் வாருங்கள். அடுத்த முறை பத்தாவது நாளுக்கு வைத்துப் பாருங்கள்.

கோபி சைக்கிள்காரி:
எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று மதியம் வந்து சேர்ந்தோம். வாளையாற்றில் இருந்து காற்று தள்ளிய தள்ளில் பல இடத்தில் மிதிக்கவே இல்லை. போன் செய்தது நல்லதாகப் போயிற்று. காவலுக்கு நின்ற பெரியவர் அந்தியூர்க்காரராம், கோபி என்றதும் அவரே என் சைக்கிளைத் தூக்கிப் படியேற்றி, பெட்டி வைக்கும் அறையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்.

வெள்ளகோவில் அண்ணா, நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எனக்கு மனசு வீட்டுக்குப் போகவில்லை. சுடுதண்ணீர் குழாயைத் திறந்துவிட்டு நின்றபோது காலடியில் முதலில் செம்மண் கரைந்து ஓடியது, பிறகு மணல், அது எந்தக் கடற்கரையில் ஒட்டியதோ. பதினெட்டு நாளில் முதல் தடவையாக அவர் கொசு அடிக்காமல் தூங்கினார். துணியெல்லாம் காய்ந்துவிட்டது. காலையில் அவர் தன் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமும் நீட்டினார்.

சாப்பாட்டில் சந்தகையும் தேங்காய்ப் பாலும் வைத்திருந்தார்கள், மூன்று முறை போய் வாங்கினோம். இப்போது மணி ஒன்பது. பத்தரைக்குக் கிளம்பி அவிநாசி, நம்பியூர் வழியாகப் போனால் பின்காற்றில் இருட்டுவதற்குள் கோபி. அவர் இன்னொரு தடவை குளிக்கப் போயிருக்கிறார்.