உதவி: சிங்கப்பூர் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் குத்துவிளக்குப் பழுதுபார்க்க எந்தச் சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கலாம்?

பித்தளைப்பித்தன் (ஈசூன்)

வணக்கம். உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் பழைய குத்துவிளக்குகளை என்னிடம் பழுதுபார்க்கக் கொடுக்கிறார்கள். பாதிக்குமேல் நாச்சியார்கோவில் விளக்குகள். தண்டு அடித்தட்டில் இறங்கும் இடத்தில் மரை தேய்ந்து விளக்கு ஆடுகிறது. சிலர் நூலைச் சுற்றித் திருகி வைத்திருக்கிறார்கள். எண்ணெயும் நெருப்பும் உள்ள பொருள் ஆடுவது எனக்குப் பொறுக்கவில்லை. தேய்ந்த முனையைக் கடைந்து எடுத்துவிட்டுப் புதிய மரைத்துண்டு பொருத்த வேண்டும்.

இரண்டு இயந்திரங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று, 180 மி.மீ விட்டமும் 350 மி.மீ நீளமும் கொண்ட புதிய சீன மேசை லேத், பிரஷ் இல்லாத மோட்டாருடன். மற்றொன்று, மூடப்போகும் ஒரு பட்டறையில் உள்ள பழைய மைஃபோர்டு எம்எல்7. மோட்டார் மும்முனை மின்சாரத்துக்கானது. கருவிகளும் சேர்த்து 3,500 வெள்ளிக்குள் முடிக்கப் பார்க்கிறேன். எதை எடுக்கலாம்?

துவாஸ் கடைசல்காரர்

தம்பி, மோட்டாரின் வாட் கணக்கை ஒதுக்கிவையுங்கள். மூன்று அளவுகளைச் சொல்லுங்கள்: தண்டின் நீளம், தண்டில் மிகப் பருத்த வளையத்தின் விட்டம், அடித்தட்டின் விட்டம்.

ஏன் கேட்கிறேன் என்றால், விளம்பரத்தில் போடும் 180 மி.மீ என்பது படுக்கைக்கு, அதாவது லேத்தின் நீண்ட அடிச்சட்டத்துக்கு, மேல் சுழலக்கூடிய விட்டம். கிராஸ் ஸ்லைடுக்கு (உளியைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) மேல் அந்த வகை இயந்திரத்தில் 110 மி.மீ அளவுதான் சுழலும். நீளமும் அப்படியே. 350 என்பது இரு முனைகளுக்கு இடையே. சக்கும் (வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் பிடி), எதிர்முனையில் உள்ள டெயில் ஸ்டாக்கில் மாட்டும் டிரில் சக்கும், டிரில்லும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின் வேலைக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதி.

பித்தளைப்பித்தன்

நன்றி அண்ணன். அளந்துவிட்டேன். நீளமான தண்டு 260 மி.மீ, பருத்த வளையம் 34 மி.மீ, அடித்தட்டு 200 மி.மீ.

துவாஸ் கடைசல்காரர்

அப்படியானால் உங்களுக்கு முக்கியம் ஸ்பிண்டில் துளை, அதாவது சக்கைச் சுழற்றும் அச்சின் நடுவே செல்லும் துளை. வாங்குபவர்கள் அதைக் கேட்பதே இல்லை. 260 மி.மீ தண்டைச் சக்கிலிருந்து வெளியே நீட்டிவைத்து முனையைக் கடைந்தால் அதிரும். உளி மாட்டிக்கொண்டால் தண்டு வளைந்துவிடும். தண்டை ஸ்பிண்டிலுக்குள் விட்டு, இரண்டு விரல் அளவு மட்டும் வெளியே நிற்க வைத்தால் வேலை சுலபம். நீங்கள் சொன்ன சீன லேத்தில் துளை 20 மி.மீ. மைஃபோர்டில் அதைவிடக் குறைவு, சுமார் 15 மி.மீ. இரண்டிலும் உங்கள் தண்டு நுழையாது.

எம்எல்7 அருமையான இயந்திரம், மறுக்கவில்லை. 1946இல் இங்கிலாந்தின் பீஸ்டனில் செய்யத் தொடங்கியது. சக்குக்கு முன்னால் படுக்கையில் பள்ளம் இருப்பதால் 254 மி.மீ தட்டுகூட அதில் சுழலும். ஆனால் அடித்தட்டை நீங்கள் லேத்தில் ஏற்றவே வேண்டியதில்லை. தேய்ந்த துளையை டிரில்லால் பெரிதாக்கி, அடுத்த அளவு டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போட்டுக் கையாலேயே மரை வெட்டிவிடலாம். தண்டுக்கு வைக்கும் புதிய துண்டு அந்த டேப்புக்கு ஏற்ப இருந்தால் போதும். பழைய மரை அங்குலமா மில்லிமீட்டரா என்ற தலைவலியும் தீர்ந்தது.

210 மி.மீ வகை மேசை லேத்தில் 38 மி.மீ துளையோடு வருவது உண்டு. அதைத் தேடுங்கள். அதே 210இல் 20 மி.மீ ஒட்டிய துளையுடனும் விற்கிறார்கள், ஆகவே விவரத்தாளில் அந்த ஒரு வரியைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். தண்டைப் பிடிக்கும்போது மெல்லிய அலுமினியத் தகட்டைச் சுற்றிப் பிடியுங்கள். சக்கின் பல் பதிந்தால் பழைய பித்தளையில் அந்தத் தழும்பு போகாது.

உட்லண்ட்ஸ் வாசி

நானும் வீவக வீட்டில்தான் லேத் வைத்திருக்கிறேன். 210 வகை 100 கிலோவைத் தாண்டும். தளத்துக்குச் சொல்லப்படும் வரம்பு சதுர மீட்டருக்கு 150 கிலோ. மேசையின் எடையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அகலமான மேசையாகச் சுவர் ஓரம் போடுங்கள். மேசைக்கால்களுக்கு அடியில் கெட்டி ரப்பர் வைக்காவிட்டால் கீழ்வீட்டுக் கூரையில் அதிர்வு கேட்கும். கீழ்வீட்டாரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

நம் ஊர் ஈரப்பதத்துக்குப் படுக்கையை ஒருநாள் துடைக்காமல் விட்டாலும் விரல் பட்ட இடம் பழுப்பாகிவிடும். வேலை முடிந்ததும் 68 எண் சறுக்கு எண்ணெய் பூசி, துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வேர்த்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் கப்பல் செலவோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். 230 வோல்ட்டுக்கானதுதானா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கச் சந்தைக்கான 110 வோல்ட் இயந்திரங்களும் இணையத்தில் மலிவாகத் தென்படும்.

பித்தளைப்பித்தன்

தண்டு உள்ளே போகவேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஜாலான் புசார் பக்கம் ஒரு கடைக்காரர் 210, 38 மி.மீ துளையுடன் பயன்படுத்திய இயந்திரம் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார். நேரில் எதைச் சோதிக்க வேண்டும் அண்ணன்?

துவாஸ் கடைசல்காரர்

சாடிலை (உளியைத் தாங்கிப் படுக்கைமேல் ஓடும் பகுதி) சக்குக்கு அருகே கொண்டுவந்து, அங்கே ஆட்டம் இல்லாமல் நகரும்படி அதன் கிப் பட்டையை (இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) முடுக்குங்கள். பிறகு டெயில் ஸ்டாக் பக்கம் ஓட்டுங்கள். அங்கே இறுகி நின்றால், சக்கின் அருகே படுக்கை தேய்ந்திருக்கிறது என்று பொருள். விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். இறுகாமல் போனால், ஸ்பிண்டில் துளைக்குள் ஒரு மரக்கட்டையை விட்டு மேலும் கீழும் நெம்பி, டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) முள் ஆடுகிறதா என்று பாருங்கள். மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு ஒரு பித்தளைத் துண்டைக் கடைந்தும் காட்டச் சொல்லுங்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்பலகை பழுதாகியிருந்தால் அங்கேதான் திணறும்.

உளிக்கு ஹைஸ்பீடு ஸ்டீல் போதும். பித்தளைக்கு மேல்முகத்தைச் சரிவில்லாமல் தட்டையாகத் தீட்டுங்கள், சரிவு இருந்தால் உளி உள்ளே இழுத்துக்கொள்ளும். பித்தளைச் சீவல் ஊசிபோல் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். கையுறை அணியவே கூடாது. துண்டு சுழலும்போது கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

சனிக்கிழமை பார்க்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள், டயல் கேஜோடு நானும் வருகிறேன்.