எலக்ட்ரான் கற்றையின் ஆற்றல் நுண்ணலையாக மாறுவது எந்த இடத்தில்?

முதுநிலை மாணவி:
வணக்கம். இயற்பியல் முதுநிலைப் படிப்பில் நுண்ணலைக் குழல்கள் பற்றிய பாடத்தைப் படித்து வருகிறேன். கிளைஸ்ட்ரான் என்னும் நுண்ணலைப் பெருக்கிக் குழலின் உள்ளீட்டு அறை (கற்றை முதலில் கடக்கும் உலோகக் குழி) சில எலக்ட்ரான்களின் வேகத்தைச் சற்றே கூட்டுகிறது, சிலவற்றின் வேகத்தைக் குறைக்கிறது என்பது வரை புரிகிறது. ஆனால் கூடியதும் குறைந்ததும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகின்றனவே. அவ்வாறிருக்க, சில நூறு வாட் உள்ளே கொடுத்துப் பல மெகாவாட் வெளியே எடுப்பதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? வீட்டு நுண்ணலை அடுப்பில் இருக்கும் மேக்னட்ரானையே பெரிதாகச் செய்து பயன்படுத்தக் கூடாதா?

முடுக்கிப் பொறியாளர்:
உங்கள் ஐயம் சரியானது. உள்ளீட்டு அறையில் நிகர ஆற்றல் பரிமாற்றம் ஏறத்தாழச் சுழியம்தான். அங்கே நடப்பது எலக்ட்ரான்களைக் கொத்துகளாகத் திரட்டுவதற்கான ஏற்பாடு மட்டுமே. ஆற்றல் முழுவதும் கற்றையை முடுக்கிய உயர் மின்னழுத்தத்திலிருந்தே வருகிறது.

கலிஃபோர்னியாவின் ஸ்லாக் துகள் முடுக்கி ஆய்வகத்தில் உள்ள 5045 என்னும் கிளைஸ்ட்ரானை எடுத்துக்கொள்வோம். அதன் கற்றை 350 கிலோவோல்ட், 414 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 145 மெகாவாட். வெளிவரும் நுண்ணலை 2856 மெகாஹெர்ட்ஸில் சுமார் 65 மெகாவாட், அதுவும் 3.5 மைக்ரோநொடி மட்டுமே நீடிக்கும் துடிப்பாக. 350 கிலோவோல்ட்டில் எலக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தில் 80 விழுக்காடு ஆகிவிடுவதால், ஓர் அலைச்சுற்றுக்குள் அது ஏறத்தாழ 8.5 சென்டிமீட்டர் கடக்கிறது. முந்திப் புறப்பட்ட மெதுவான எலக்ட்ரான்களைப் பிந்திப் புறப்பட்ட விரைவானவை எட்டிப்பிடிக்க, இடையிலுள்ள அறைகள் அந்தத் திரட்சியை மேலும் இறுக்க, சீராக ஓடிய கற்றை கடைசி அறைக்கு வரும்போது 8.5 சென்டிமீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்து வரும் கொத்துகளாகிவிடுகிறது.

நீங்கள் கேட்ட இடம் இந்தக் கடைசி அறைதான். கொத்து அறையின் இடைவெளியைக் கடக்கும் நேரத்தில் அங்குள்ள மின்புலம் அதை எதிர்த்துத் தள்ளுகிறது. அரைச்சுற்று கழித்துப் புலம் திசை மாறி முடுக்கும்போதோ, அங்கே வருபவை சொற்பமான எலக்ட்ரான்களே. இழப்பவை பல, பெறுபவை சில என்பதால் கணக்கு ஈடாவதில்லை. அந்த வேறுபாடே நுண்ணலையாக வெளியேறுகிறது. அந்த மின்புலத்தை வெளியிலிருந்து யாரும் கொடுப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். வந்துபோகும் கொத்துகளே அறையின் சுவர்களில் மின்னோட்டத்தைத் தூண்டித் தங்களைத் தடுக்கும் புலத்தை உருவாக்கிக்கொள்கின்றன. பாடநூல்கள் பலவும் இதை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தம்தான், ஏனெனில் கிளைஸ்ட்ரானின் உயிர்நாடியே இதுதான்.

எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால் கொத்தை விரும்பிய அளவுக்கு இறுக்க முடியாது. மின்னோட்டம் மிகுந்தால் விலக்கமும் மிகும். ஆகையால்தான் திறன் வேண்டும்போது ஆம்பியரைவிட வோல்ட்டைக் கூட்டுவதை விரும்புகிறோம்.

ரேடார் ஆர்வலர்:
மேக்னட்ரான் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1940-இல் பர்மிங்காமில் ராண்டலும் பூட்டும் உருவாக்கிய பல அறை மேக்னட்ரான் எளிமையானது, செயல்திறன் மிக்கது. ஆனால் அது தானே அலைவை எழுப்பும் கருவி. 1937-இல் ஸ்டான்ஃபோர்டில் வேரியன் சகோதரர்கள் உருவாக்கிய கிளைஸ்ட்ரானோ, கொடுத்த அலையை அதன் கட்டம் (அலைச்சுற்றில் அது இருக்கும் நிலை) மாறாமல் பெருக்கும் கருவி. ஸ்லாக்கின் 3 கிலோமீட்டர் முடுக்கியில் ஏறத்தாழ 240 கிளைஸ்ட்ரான்கள் ஒரே கட்டத்தில் இயங்க வேண்டியிருந்ததால், அங்கே பெருக்கியே தேவைப்பட்டது.

முதுநிலை மாணவி:
மிக்க நன்றி ஐயா. இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. அணுக்கரு இணைவுக்கான ஐட்டர் திட்டத்தில் 170 கிகாஹெர்ட்ஸ் தேவை என்று படித்தேன். கிளைஸ்ட்ரானைச் சிறிதாக்கி அதைப் பெற முடியாதா? மேலும், 145 மெகாவாட்டில் நுண்ணலையாக மாறாத 80 மெகாவாட் என்னவாகிறது?

பிளாஸ்மா ஆய்வர்:
170 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 1.8 மில்லிமீட்டருக்கும் குறைவு. கிளைஸ்ட்ரானில் கற்றை செல்லும் துளை அலைநீளத்தைவிடச் சிறியதாக இருந்தாக வேண்டும். அவ்வளவு குறுகிய வழியில் ஒரு மெகாவாட்டுக்கு வேண்டிய கற்றையைத் தொடர்ந்து செலுத்தினால் செம்பு தாங்காது. ஆகவே அங்கே ஜைரட்ரான் பயன்படுகிறது. அதில் 7 டெஸ்லாவுக்குச் சற்றுக் குறைந்த காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் சுருள்பாதையில் சுழன்று செல்கின்றன. அலைவெண்ணை முதன்மையாக நிர்ணயிப்பது அந்தச் சுழற்சியே என்பதால், அறை பல அலைநீளங்கள் அகலமாக இருக்கலாம்.

இங்கும் கொத்துதான் அடிப்படை, ஆனால் அது பயணத் திசையில் திரள்வதன்று, சுழற்சியின் கட்டத்தில் திரள்வது. ஆற்றல் பெற்ற எலக்ட்ரானின் சார்பியல் நிறை கூடுவதால் அது மெதுவாகச் சுழல்கிறது. இழந்தது விரைவாகச் சுழல்கிறது. இதனால் அவை ஒரு கட்டத்தில் வந்து குவிகின்றன. அலைவெண்ணைச் சுழற்சி வெண்ணுக்குச் சற்று மேலே வைத்தால், அந்தக் குவியல் ஆற்றலை இழக்கும் கட்டத்தில் அமையும். 80 கிலோவோல்ட்டில் நிறை ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுகிறது. அதைப் புறக்கணித்துக் கணக்கிட்டால் ஜைரட்ரான் இயங்கவே இயங்காது.

எஞ்சும் ஆற்றல் பற்றி: 5045-இல் அது, கற்றை இறுதியில் மோதி நிற்கும் சேகரிப்பானின் செம்புச் சுவரை வெப்பமாக்குகிறது, அதை நீர் எடுத்துச் செல்கிறது, எக்ஸ்-கதிரும் எழுவதால் ஈயக் கவசம் தேவை. ஜைரட்ரானில் சேகரிப்பானுக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்து, களைத்து வரும் எலக்ட்ரான்களை மோதுமுன் மெதுவாக்கி, அவற்றின் ஆற்றலில் ஒரு பகுதியை மின்வழங்கிக்கே திருப்புகிறோம். அதனால் 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த செயல்திறன் ஏறத்தாழ 50 ஆகிறது. கிளைஸ்ட்ரானில் இது கடினம், ஏனெனில் கடைசி அறையைக் கடந்த எலக்ட்ரான்களுள் சில ஏறத்தாழ நின்றே போயிருக்கும், சில புறப்பட்டபோது இருந்ததைவிட விரைவாக இருக்கும். ஒரே எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் மெதுவானவை திரும்பி ஓடி அறைகளுக்குள் புகுந்துவிடும்.