மறு: டாக்டோரல் கன்சார்ட்டியம் – நல்ல தமிழ்ச் சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். முனைவர் பட்ட ஆய்வு செய்கிற மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பேசிப் பார்க்கும் ‘டாக்டோரல் கன்சார்ட்டியம்’ என்ற நிகழ்வுக்கு, நோட்டீஸில் போட ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘முனைவர் கூட்டமைப்பு’ என்றே போட்டுவிடலாம். கன்சார்ட்டியம் என்றால் கூட்டமைப்புதானே?

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. நாலு வங்கிகள் சேர்ந்து ஒரு பெரிய கடன் கொடுத்தால் அதைக் கூட்டமைப்பு எனலாம். ராயபுரத்தில் ‘முனைவர் கூட்டமைப்பு’ என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினால் பார்க்கிறவர்கள் அதை ஒரு சங்கம் என்றுதான் நினைப்பார்கள். தலைவர் யார், சந்தா எவ்வளவு என்று கேட்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் சொல்லின் முன்பாதியில் இருக்கிறது. அங்கே வந்து பேசுகிற மாணவர் யாரும் இன்னும் முனைவர் ஆகவில்லை. ஆகாமல் இருப்பதால்தான் அந்த நிகழ்வே நடக்கிறது.

அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொள்வோம். ஆய்வேட்டை முடிக்க இன்னும் காலம் இருக்கிற மாணவர்கள் தங்கள் ஆய்வைச் சில பக்கங்களில் எழுதி அனுப்புகிறார்கள். அவர்களில் கொஞ்சம் பேரைத் தேர்ந்தெடுத்து, வழக்கமாகப் பெரிய மாநாடு தொடங்கும் முன்பே, ஓர் அறையில் கூட்டுகிறார்கள். வேறு பல்கலைக்கழகங்களின் மூத்த ஆய்வாளர்கள் சிலர் அவர்களோடு உட்காருகிறார்கள். என் கேள்வி இது, இதுவரை இதைச் செய்திருக்கிறேன், இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று மாணவர் சொல்கிறார். மூத்தவர்கள் கேட்கிறார்கள், மற்ற மாணவர்களும் கேட்கிறார்கள். மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி தோல்வி கிடையாது. வாய்மொழித் தேர்வில் செய்து முடித்ததற்குப் பதில் சொல்லி நிற்க வேண்டும். இங்கே செய்ததை மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. நாம் தேடும் சொல்லில் இந்த இடம் தெரிய வேண்டும் என்பதுதான் என் ஒரே கோரிக்கை.

இதை நான் கண்ணால் பார்த்தது எங்கள் படிப்பகத்தில். காசிமேட்டைச் சேர்ந்த தங்கை ஒருவர் ஊடாடு தொழில்நுட்பத்தில், அதாவது ஆளும் கருவியும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ளும் வழிகளில், ஆய்வு செய்கிறார். மீன் விற்கும் பெண்கள் கடன் கணக்கை எழுதாமலேயே வைத்துக்கொள்ள ஒரு மரத்தட்டு செய்திருக்கிறார். தட்டில் ஒரே ஒரு குழி. கூடவே ஒரு பை நிறைய கேரம் காய்கள். ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு சில்லு ஒட்டியிருக்கிறது. சில்லில் பேட்டரி இல்லை; குழிக்கு அடியில் உள்ள கம்பிச்சுருளிலிருந்தே அதற்கு வேண்டிய மின்சாரம் கிடைத்துவிடும். சிவப்புக் காய் தண்டல்காரர், கறுப்பு ஐஸ் கொடுப்பவர், இப்படி ஒரு காய்க்கு ஓர் ஆள். காயைக் குழியில் வைத்தால் அவருக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று தட்டு தமிழில் பேசும்.

மாநாட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு முறை எங்களிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். சந்தை இரைச்சலிலும் குரல் தெளிவாகக் கேட்க என்னென்ன செய்தார் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது கூடைக்கார அக்கா ஒருவர், “ஏம்மா, என் பாக்கிய அது இவ்ளோ சத்தமா சொன்னா பக்கத்துக் கடைக்காரிக்கும் கேக்குமே?” என்றார். ஆய்வு அன்றைக்கே திசை மாறியது. குரலை எப்படி உயர்த்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தவர், பாக்கி குறையக் குறையத் தட்டின் விளிம்பில் ஒரு பாசிமணி நகர்ந்து காட்டினால் போதுமா என்று இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறார். கணக்கு யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது என்பதே அவர் அனுப்பிய பக்கங்களில் முதல் கேள்வியாகிவிட்டது. கன்சார்ட்டியத்தின் வேலை இதுதான். அந்த அக்கா கேட்டதற்கு மேல் ஒரு மூத்த ஆய்வாளர் என்ன கேட்டுவிடப் போகிறார்?

இந்தத் துறையே முழுமையடையாத பொருள்களைச் சுற்றி வளர்ந்ததுதான். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் மாணவராக இருந்த டரல் பிஷப் 1992இல் ஒரு தொலைபேசிப் பதிவுக் கருவியை வடிவமைத்தார். யாராவது செய்தி விட்டுவைத்தால் ஒரு கோலி வெளியே வந்து விழும். அதை எடுத்து ஒரு குழியில் வைத்தால் செய்தி கேட்கும். தொலைபேசியில் வைத்தால் பேசியவருக்கே அழைப்பு போகும். அது கடைக்கு விற்பனைக்கு வந்த பொருள் அல்ல. இருந்தும் 1997இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோஷி இஷியும் அவருடைய மாணவர் பிரிக் உல்மரும் தொட்டுக் கையாளும் கணினி பற்றி எழுதிய கட்டுரையில் அந்தக் கோலிகளுக்கு இடம் கொடுத்தார்கள். அதே உல்மர் பின்னாளில் ஆல்பிரெக்ட் ஷ்மிட்டுடன் சேர்ந்து 2007இல் அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில் தொட்டுக் கையாளும் கணினிகளுக்கான முதல் டி.இ.ஐ. மாநாட்டை நடத்தினார். அந்த மாநாட்டு வரிசையில் இந்த அரங்குக்கு ‘கிராஜுவேட் ஸ்டூடன்ட் கன்சார்ட்டியம்’ என்று பெயர்; அதில் ‘டாக்டோரல்’ என்ற சொல்லே இல்லை. ஆக, ‘முனைவர்’ என்ற சொல்லைப் போட்டுவிட்டால் இதற்கு நாம் வேறொரு சொல் தேட வேண்டியிருக்கும். இரண்டு பெயருக்கும் பொதுவாக ஒரு சொல் இருந்தால் நல்லது.

> திருவொற்றியூர்க்காரன் சொல்கிறேன், ‘ஆய்வு வெள்ளோட்டம்’ என்று வையுங்கள். தேருக்குச் செய்கிறோமே, அதுதான் இதுவும்.

அண்ணே, படித்ததும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உற்சவர் ஏறுவதற்கு முன் தேரை இழுத்துப் பார்க்கிறோம். அச்சு சரியா, சக்கரம் சரியா என்று தெரிந்துவிடும். முட்டுக்கட்டை போடுகிறவர் தேரை நிறுத்த மட்டும் கட்டை போடுவதில்லை, தெரு முனையில் அதைத் திருப்பவும் போடுகிறார். மூத்தவர்களின் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்தச் சொல்லை விடத்தான் வேண்டும். பெரிய ஆய்வுக்கு முன் சிலரிடம் செய்து பார்க்கும் சிறு ஆய்வை ‘வெள்ளோட்ட ஆய்வு’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் தங்கையே அப்படி ஒன்றைச் செய்திருக்கிறார். ‘வெள்ளோட்ட ஆய்வின் முடிவை ஆய்வு வெள்ளோட்டத்தில் சொன்னேன்’ என்று அவர் எழுத நேர்ந்தால் படிக்கிறவர் பாவம்.

‘அரங்கேற்றம்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். கற்றுத் தேர்ந்த பிறகு மேடை ஏறுவது அரங்கேற்றம். இங்கே பொருந்தாது.

மதுரையிலிருந்து வந்த ‘வளராய்வரங்கு’தான் கிட்டத்தட்ட கரை சேர்ந்த சொல். வளர்ந்த ஆய்வு, வளர்கின்ற ஆய்வு, வளரும் ஆய்வு என்று மூன்று காலமும் அடங்கிய வினைத்தொகை. அடலசன்ஸுக்கு ‘வளரிளம் பருவம்’ என்று வைத்து அது நிலைத்தும்விட்டது, எனவே வழி புதிதல்ல. தடுக்குகிற இடம் ஒன்றுதான். அந்தச் சொல்லைப் படிப்பகத்துப் பலகையில் எழுதிக் காட்டியபோது, பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவர் ‘வளரா ஆய்வு’ என்று வாசித்தார். இலக்கணம் நம் பக்கம் இருக்கிறது. எதிர்மறையாக இருந்தால் நடுவில் வகர உடம்படுமெய் வந்து ‘வளராவாய்வு’ என்றாகியிருக்கும். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நின்று நோட்டீஸ் படிக்கிறவர் உடம்படுமெய்யைத் தேட மாட்டார். வளரும் ஆய்வை வளராத ஆய்வு என்று ஒரே ஒருவர் படித்தாலும் எனக்கு மனசு கேட்காது.

அதனால் அதே சொல்லைக் கொஞ்சம் பிரித்துக் கட்டலாம் என்று முன்வைக்கிறேன்: வளர்நிலை ஆய்வரங்கு. ‘வளர்நிலை’யும் வினைத்தொகைதான், காலம் அடைபடவில்லை. ‘ஆய்வரங்கு’ கல்லூரிகளில் ஏற்கெனவே புழங்குகிற சொல், யாருக்கும் விளக்க வேண்டாம். தேவைப்பட்டால் ‘மாணவர்’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். சற்று நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தங்கையின் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தபோது, “இன்னும் முடியலை, நடந்துட்டு இருக்குன்னு அர்த்தமா?” என்று கேட்டார். அதற்கு மேல் எனக்கு வேறு சோதனை வேண்டியிருக்கவில்லை.

கேள்வி கேட்கும் மூத்தவர்களுக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘நடுவர்’ கூடாது, அவர்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ‘நெறியாளர்’ என்பது மாணவரின் சொந்த வழிகாட்டிக்கு உரியது. ஆசிரியர் பயிற்சிகளில் சொல்கிற ‘கருத்தாளர்’ பொருந்தும் என்று நினைக்கிறேன். கூடைக்கார அக்காவையும் நோட்டீஸில் அப்படியே போட விரும்புகிறேன்.

நோட்டீஸ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘கருத்தாளர்’ பற்றி மாற்றுக்கருத்து இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.