தோட்டப்புற லைப்ரரியில் யாருடைய புத்தகம் அதிகம் இரவல் போகிறது?

சிப்புட்வாசி கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) பொது மண்டபத்தின் பின்னறை காலியாகக் கிடக்கிறது. அதில் ஒரு தமிழ் நூல் நிலையம் தொடங்கப் போகிறோம். இங்கே குடியிருக்கும் பெரியவர்கள் பலர் ரப்பர் மரத்தை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டு வந்தவர்கள். பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். இளம் பெண்கள் பலர் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். நன்கொடையாக 2,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்ந்திருக்கிறது. புத்தகங்கள் இரவல் கொடுப்பதற்குத்தான், அலமாரியில் பூட்டி வைக்க அல்ல.

குழுவில் இரண்டு கருத்து ஓடுகிறது. பொது நூலகங்களில் எந்த எழுத்தாளரை மக்கள் அதிகம் எடுக்கிறார்களோ அவரையே வாங்குவோம், வந்தவர் வெறுங்கையோடு போக வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி வாங்கினால் அலமாரி முழுக்கக் குடும்ப நாவல்தான் நிற்கும், மலேசிய எழுத்தாளர் ஒருவருக்கும் இடம் இருக்காது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நூலகத்தில் வேலை பார்த்தவர்கள், அடிக்கடி போய் எடுப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். உண்மையில் யாருடைய புத்தகம் அதிகம் போகிறது? அந்தக் கணக்கை நம்பி வாங்கலாமா?

ஈப்போ ரயிலடி எழுதுகிறார்:

நான் பார்த்தவரை பெண்கள் ரமணிசந்திரனை எடுக்கிறார்கள், ஆண்கள் ராஜேஷ் குமாரை. கல்கி எப்போதும் உண்டு. 2022இல் படம் வந்த பிறகு பொன்னியின் செல்வனைக் கேட்டு வந்த இளைஞர்களையும் பார்த்தேன். வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரிட்டன் நூலகங்களில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தவர் ஜேம்ஸ் பேட்டர்சன், விறுவிறுப்பான துப்பறியும் கதை எழுதுகிறவர். மக்கள் கேட்பதை வாங்குங்கள். இலக்கியம் அப்புறம் தானாக வரும்.

கவுண்டர் அக்கா எழுதுகிறார்:

தம்பி, பேராக்கில் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு பட்டணத்து லைப்ரரியில் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிறந்ததும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் வீட்டில்தான். உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

அந்த ஒரு வரிப் பதில் ரமணிசந்திரன். இரண்டாவது யார் என்பதுதான் மாறிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டுவோம். அவர் புத்தகங்களில் ஒரு சீட்டு நிறைந்து அதன்மேல் இன்னொன்று ஒட்டியிருக்கும். அட்டை கழன்று, முதுகில் துணி டேப் போட்டு, அதுவும் பிய்ந்த பிறகும் வரிசையில் நின்று எடுத்துப் போவார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர் என்பதால், ஒன்றை முடித்தவருக்கு அடுத்தது எப்போதும் இருந்தது.

யார் எடுத்தார்கள் என்று பார்த்தால் காரணம் புரியும். விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் ஏறுகிற பெண்கள். பசியாறும் நேரத்தில் நாலு பக்கம், திரும்பி வரும் வழியில் பத்துப் பக்கம். அவர்களுக்கு ஒரே புத்தகத்தில் முடிகிற கதை வேண்டும். நேற்று விட்ட இடத்தைத் தேடாமல் தொடர முடிய வேண்டும். இடைநிலைப்பள்ளியோடு தமிழை விட்டுவிட்ட எத்தனையோ பெண்களுக்குத் தமிழ் எழுத்து கண்ணை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டது அந்த நாவல்கள்தான். அதைக் கேவலமாகப் பேசுகிறவர்களை நான் கவுண்டரிலும் ஒத்துக்கொண்டதில்லை, இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெரியவர்கள் கதை வேறு. மு. வரதராசன், அகிலன், நா. பார்த்தசாரதி ஆகியோரைப் பெயர் சொல்லிக் கேட்டு வருவார்கள். தோட்டத்து மணிமன்ற (இளைஞர் சங்க) அலமாரியில் இளவயதில் படித்தவர்கள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் நேசன் ஒரு பிரதி வந்தால் லயமே படித்த காலம் அது. 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019இல் நின்றபோது எங்கள் கவுண்டருக்கு வந்து வருத்தப்பட்டவர்கள் உண்டு. சாண்டில்யனின் கடல் புறாவுக்கு இங்கே தனி மவுசு. கதை கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் வருகிறது அல்லவா, அந்தப் பழைய கடாரமான கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்குக் கோயில் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் தேடி எடுப்பார்கள்.

சரி, இந்தக் கணக்கை நம்பி வாங்கலாமா என்று கேட்டீர்கள். பாதி நம்பலாம்.

இரவல் கணக்கில் ஏறுவது அலமாரியில் இருந்த புத்தகம் மட்டும்தான். இல்லாத புத்தகத்தைக் கேட்டு வந்து, இல்லை என்று கேட்டுத் திரும்பியவரை எந்தக் கம்ப்யூட்டரும் பதிவு செய்வதில்லை. ஒரு புத்தகத்தை ஒருவர் எடுத்துப் போய் வீட்டில் மூன்று பேர் படித்தாலும் கணக்கு ஒன்றுதான். மேசையில் உட்கார்ந்து படித்துவிட்டு அங்கேயே வைத்துப் போனால் கணக்கே இல்லை.

நம் மலேசிய எழுத்தாளர்கள் அடிபடுவது இங்கேதான். அவர்கள் புத்தகம் பெரும்பாலும் ஒரே பிரதிதான் வரும். அச்சிட்டதே கொஞ்சம், தொலைந்தால் மறுபடி கிடைக்காது என்று அதில் 'ருஜுக்கான்' (அங்கேயே பார்க்க மட்டும்) என்ற ஸ்டிக்கரை ஒட்டிக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆண்டு முடிவில் இரவல் பூஜ்யம் என்று காட்டும். படிக்க ஆள் இல்லை என்று அடுத்த ஆண்டு வாங்க மாட்டார்கள். இது சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருந்தது. கூட்டத்தில் நான் சொல்லிப் பார்த்தேன், அறிக்கையில் இருந்த எண்தான் ஜெயித்தது.

ஒரு பெரியவர் வருவார். ஆர். சண்முகம் எழுதிய சயாம் மரண ரயில் நாவலை அலமாரியிலிருந்து கேட்டு வாங்கி, ஜன்னலோர மேசையில் தினமும் கொஞ்சம் படிப்பார். 1942, 43இல் ஜப்பான்காரன் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப் போனானே, அதில் அவருடைய அண்ணனும் போனவர். திரும்பவில்லை. அந்த மனிதர் ஒரு நாவலை முழுக்கப் படித்தார், பல பக்கங்களை இரண்டு முறை படித்தார். எந்தக் கணக்கிலும் அவர் இல்லை.

ஈப்போ ரயிலடி பிரிட்டனைச் சொன்னார். அங்கே 1979இல் சட்டம் போட்டு, நூலகத்தில் புத்தகம் இரவல் போகப் போக எழுத்தாளருக்கு அரசாங்கம் பணம் தருகிறது. முதல் பணம் 1984இல் போனது. பெரிய பெயர்களே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க, ஒருவருக்கு ஆண்டுக்கு 6,600 பவுண்டு என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். அதனால் அங்கே கணக்கு ஒழுங்காக இருக்கிறது. அந்தக் கணக்கில் பேட்டர்சனுக்கு முன்பு 17 ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த பெண்ணைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். கேத்தரின் குக்சன். இங்கிலாந்தின் வடகிழக்கில் கப்பல் துறைக்குப் பக்கத்தில் 1906இல் ஏழை வீட்டில் பிறந்தவர். ஆதரவற்ற ஏழைகளை வைத்து வேலை வாங்கும் விடுதியின் சலவைச் சாலையில் வேலை பார்த்தவர். எழுதியதும் அந்த ஊர்க் கூலிக்காரர்கள், வேலைக்காரப் பெண்கள், சுரங்கக்காரர்கள் கதைதான். அவரைப் படித்த பலர் தங்கள் பாட்டியையும் தாயையும் அந்தப் பக்கங்களில் பார்த்தார்கள். அந்தப் புத்தகங்கள் எல்லா ஊர் நூலகத்திலும், வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி, பல பிரதிகளாக இருந்தன. அது இல்லாமல் 17 ஆண்டு நடந்திருக்காது.

தோட்டத்துப் பாட்டியின் கதையும் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது, தம்பி. அ. ரெங்கசாமி ஜப்பான்காரன் காலத்தை எழுதியிருக்கிறார். சீ. முத்துசாமியின் கதைகளில் லயத்து வாழ்க்கை அப்படியே இருக்கிறது. சை. பீர்முகம்மது, ரெ. கார்த்திகேசு இருவரும் இப்போது நம்மிடையே இல்லை, எழுத்து இருக்கிறது. தமிழ்நாட்டு அகிலன்கூட இங்கே வந்து பார்த்துவிட்டுப் பால்மரக் காட்டினிலே எழுதினார். அந்த ஒரு நாவல் எங்கள் லைப்ரரியில் இரவல் பகுதியில் இருந்தது. நன்றாகப் போனது. மற்றவை உள்ளே இருந்தன.

எனவே உங்கள் 2,000 வெள்ளியில் ஏறக்குறையப் பாதியைக் கூச்சப்படாமல் ரமணிசந்திரன், ராஜேஷ் குமார் வகைக்குக் கொடுங்கள். கதவைத் திறந்து உள்ளே வர வைப்பது அவர்கள்தான். மீதியில் பெரும் பங்கு மலேசிய எழுத்தாளர்களுக்கு. இருபது தலைப்பு ஒவ்வொரு பிரதி என்று வாங்காதீர்கள். ஐந்தாறு தலைப்பு, ஒவ்வொன்றும் மூன்று பிரதி வாங்குங்கள். ஒரு பிரதியைப் பத்திரப்படுத்தினாலும் இரண்டு வெளியே சுற்றும். ஒருவர் படித்துவிட்டு அண்டை வீட்டாரிடம் சொல்லி, அவரும் வந்து கேட்டால் அன்றே எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும். அப்புறம் முக்கியமாக, கேட்டுக் கிடைக்காததை எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் மேசை மேலேயே இருக்கட்டும். அடுத்த முறை வாங்க எனக்கு அந்த நோட்டுதான் வேண்டும், இரவல் கணக்கு அதற்குப் பிறகுதான்.

நான்காம் ஆண்டு டீச்சர் எழுதுகிறார்:

அக்கா சொன்னதில் பிள்ளைகள் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். என் வகுப்புப் பிள்ளைகளை நூலகத்துக்குக் கூட்டிப் போனால் நேராக எக்ஸ்-வென்ச்சர் காமிக்ஸ் அலமாரிக்குத்தான் ஓடுகிறார்கள். மலாயில், ஆங்கிலத்தில், வண்ணத்தில் இருக்கிறது, டைனோசரும் ரோபோவும் வருகிறது. தமிழ் அலமாரியில் இருப்பது நீதிக் கதையும் திருக்குறள் விளக்கமும். பிள்ளைக்குத் தமிழில் ஆர்வம் இல்லை என்று பெற்றோரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கே. பாலமுருகன் எழுதிய சிறுவர் மர்ம நாவல் ஒன்றை வகுப்பில் கொஞ்சம் வாசித்துக் காட்டி, சஸ்பென்ஸ் வரும் இடத்தில் நிறுத்தினேன். மறுநாள் அது யார் கைக்குப் போவது என்று சண்டை. வாங்கும்போது இந்த மாதிரி புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் கணக்கில்கூடக் குக்சனுக்குப் பிறகு முதலிடத்துக்கு வந்தவர் ஜாக்குலின் வில்சன், சிறுவர்களுக்கு எழுதுகிறவர்தான்.

சிப்புட்வாசி எழுதுகிறார்:

அக்கா, டீச்சர், மிக்க நன்றி. இன்று இரவுக் கூட்டத்தில் அக்கா எழுதியதை அப்படியே வாசிக்கப் போகிறேன். இன்னும் ஒரு சந்தேகம். பொன்னியின் செல்வன் ஐந்து பாகம் ஒரு செட் வாங்கினால் போதுமா? வயதான அம்மாமார் எழுத்து சிறியதாக இருக்கிறது என்கிறார்கள், அதற்கு என்ன செய்வது?

கவுண்டர் அக்கா எழுதுகிறார்:

டீச்சர் சொன்னது நூறு சதவீதம் சரி. சிறுவர் புத்தகத்தைக் கீழ்த்தட்டில், அட்டைப்படம் வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள்.

பொன்னியின் செல்வன் ஒரு செட் போதும், ஆனால் முதல் பாகம் மட்டும் கூடுதலாக இரண்டு வாங்குங்கள். எல்லாரும் அதில்தான் தொடங்குவார்கள், முடிக்கிறவர்கள் குறைவு. நடுப் பாகம் ஒன்று தொலைந்தால் அதற்குப் பிந்தியது ஒன்றும் நகராது. அதனால் ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு பாகம் என்று கண்டிப்பாக இருங்கள். செட்டாகக் கொடுத்தால் ஐந்தும் ஒரே வீட்டில் மாதக் கணக்கில் தங்கிவிடும்.

எழுத்து அளவு பெரிய பிரச்சினைதான். ஒரே நாவலைப் பல பதிப்பகங்கள் போட்டிருக்கும், மலிவுப் பதிப்பில் எழுத்தைச் சுருக்கிப் பக்கத்தைக் குறைத்திருப்பார்கள். கடையில் ஒரு பக்கத்தைத் திறந்து, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் விலை குறைவு என்று வாங்காதீர்கள். சென்னையிலிருந்து வரும் பேப்பர்பேக் பல நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை விட்டுவிடும், வந்த அன்றே முதுகில் துணி டேப் ஒட்டி பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம், நாலு விரல் இடைவெளி விட்டால் கரையான் ஏறுவது கண்ணில் படும். முதல் மூன்று மாத நோட்டுப் புத்தகத்தில் என்னென்ன பெயர் எழுதியிருக்கிறார்கள் என்று இங்கே போடுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.