புதுப்பிப்பு: கியூரியாசிட்டி கனசதுரத்துக்குள் என்ன இருந்தது?

உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து ஒரே கனசதுரத்தைத் தட்டித் தட்டி, சின்னச் சின்னக் கட்டிகளாக, அடுக்கடுக்காக உடைத்த கைப்பேசி ஆட்டம் 'கியூரியாசிட்டி'. அதன் உள்ளே என்ன இருக்கும், கடைசிக் கட்டியை யார் உடைப்பார் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும்.

2012 நவம்பர் 6 அன்று தொடங்கிய ஆட்டம் 2013 மே 26 அன்று முடிந்தது. உள்ளே இருந்தது ஒரு வீடியோ. ஆட்டத்தை உருவாக்கிய பீட்டர் மோலினியூ வந்து, வென்றவர் தன் அடுத்த ஆட்டமான 'கோடஸ்'-இல் கடவுளாவார், அதன் வருமானத்திலும் பங்கு உண்டு என்கிறார். "பொருள் எதுவும் இருக்காது, அடுத்த ஆட்டத்தோடு முடிச்சுப் போடுவார்கள்" என்று எழுதியவரின் கணிப்புதான் பலித்தது.

என் கணக்கு மண்ணைக் கவ்வியது. தவறாமல் தட்டினால் ஆட்டத்துக்குள் கிடைக்கும் காசு பெருகும் என்று ராத்திரியெல்லாம் விரல் நுனியால் வரிசை வரிசையாகச் சுரண்டினேன். அதிகம் உடைப்பவருக்கே வாய்ப்பு அதிகம் என்று நினைப்பு. வென்ற 18 வயது எடின்பரோ இளைஞர் ஆட்டத்தை இறக்கியதே ஒரு மணி நேரத்துக்கு முன்புதானாம்! பழைய தட்டலெல்லாம் சேர்த்தி இல்லை, கடைசிக் கட்டியை உடைப்பவராக இருந்தால் போதும். "மிச்ச அடுக்கை மட்டும் பாருங்க" என்று ஒருவர் சொன்னது அப்போது உறைக்கவில்லை.

பின்னால் தேடி வருபவர்களுக்கு: பங்குத்தொகை எதுவும் வென்றவருக்கு வரவில்லை என்று 2015 பிப்ரவரியில் யூரோகேமர் என்ற வீடியோ கேம் செய்தித் தளம் எழுதியது. இதை மட்டும் நம்மில் யாரும் கணிக்கவில்லை.