கை எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கிறது? சைகை மொழி பழகியவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நாலு வயதுப் பையனின் அம்மா:
என் மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனுக்காகத்தான் இந்திய சைகை மொழி படிக்கிறேன். ஒருநாள் அவன் வைத்திருந்த பந்தைக் கேட்டேன். என்னைச் சுட்டிக்காட்டிவிட்டு, 'கொடு' சைகையை வகுப்பில் பழகியபடியே முன்னால் நீட்டிக் காட்டினேன். அவன் பந்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றான். நான் ஏதோ தரப்போகிறேன் என்று காத்திருக்கிறான்! திரும்பவும் அதையே செய்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து, அவன் பக்கமிருந்து என் மார்பை நோக்கி இழுத்துக் காட்டினான்.

காது கேளாதவரான எங்கள் ஆசிரியர் பிறகு விளக்கினார். கை புறப்படும் இடம் கொடுப்பவர், போய்ச் சேரும் இடம் வாங்குபவர். 'உதவு', 'கற்றுக்கொடு' எல்லாம் அப்படித்தான். 'சாப்பிடு' மட்டும் வாயருகிலேயே நிற்கும், யாரை நோக்கியும் நகராது.

எதிரில் இல்லாதவர்களுக்கும் இடம் உண்டு. ஊரிலிருக்கும் பாட்டியை வலப்பக்கம் சுட்டி வைத்துவிட்டால், அந்தப் பேச்சு முடியும்வரை அந்த வெற்றிடம்தான் பாட்டி. நேற்று அங்கிருந்து தன் மார்புக்குக் கையை இழுத்தான். பாட்டி எனக்கு முறுக்கு கொடுத்தாங்க என்று சொல்கிறான். அப்படியே அள்ளிக்கொண்டேன்.

தமிழாசிரியர்:
அம்மா, இந்த நுட்பம் தமிழிலும் இருந்தது. 'தா', 'வா' இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும், 'செல்', 'கொடு' படர்க்கைக்கு என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுத்திருக்கிறது. எனக்கும் உனக்கும் என்றால் தருவது, அவனுக்கு என்றால் கொடுப்பது. நாம் அதை விட்டுவிட்டோம். மலையாளத்தில் இன்றும் தருக, கொடுக்குக என்று பிரித்துத்தான் பேசுகிறார்கள். 'கொடுத்தான்' என்பதில் உள்ள 'ஆன்' விகுதி கொடுத்தவனைத்தான் காட்டும், வாங்கியவரைக் காட்டாது. உங்கள் பிள்ளையின் கை ஒரே வீச்சில் இரண்டையும் சொல்லிவிடுகிறது.

சைகை மொழிபெயர்ப்பாளர்:
ஒரு கடன் தகராறில் பெரியவர் ஒருவருக்காக மொழிபெயர்த்தேன். அண்ணனை இடப்பக்கமும் மாமனை வலப்பக்கமும் நிறுத்தி, இடமிருந்து வலமாகக் கையைக் கொண்டுபோனார். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அவருடைய இடப்பக்கம் வலப்பக்கமாகத் தெரியும். அவசரத்தில், மாமன் அண்ணனுக்குக் கொடுத்தார் என்று சொல்லிவிட்டேன். எதிர்த்தரப்பின் முகம் மாறியதைப் பெரியவர் பார்த்துவிட்டார். என்னை நிறுத்தச் சொல்லி, முதலிலிருந்து நிதானமாகக் காட்டினார். கொடுத்தவர் அண்ணன். எல்லார் முன்னாலும் திருத்திச் சொன்னேன். இப்போதெல்லாம் பேச்சு தொடங்கியதுமே, யாரை எந்தப் பக்கம் வைக்கிறார் என்று சைகை செய்பவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்கிறேன்.